குதூகலத்தின் நிறம் சிவப்பு

முகி தன் அண்ணனைக் கடித்துவிட்டாள். சும்மா பல் பதிகிற கடி இல்லை. மணிக்கட்டில் தோல் பிய்ந்து, ரத்தம் சாப்பாட்டு மேசையில் சொட்டி, என் தங்கை மஞ்சரி வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டாள். அப்போதும் உதட்டில் ரத்தத்தோடு, "எனக்கும் கொம்பன் வேணும்" என்றாள்.

நாலு வயது. இந்தா என்று தூக்கினால் ஒரு கையில் வந்துவிடுவாள். அந்தக் குட்டிக்கு அவ்வளவு ஆங்காரம்.

எல்லாம் கோடை விடுமுறைப் பயணத்துக்குத் திட்டம் போட்டதில் வந்த வினை. மாப்பிள்ளை தினகரன் ஒரு வாரமாக அந்த மேசையைவிட்டு எழவில்லை. ஈரோட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது, கோபியில் எந்தக் கடையில் இட்லி, மலை ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுத்தால் எத்தனை பிளாஸ்டிக் பை, முகர எலுமிச்சம்பழம், முகிக்கு நடுவழியில் ஒன்றுக்கு வந்தால் எங்கே நிறுத்துவது என்று எல்லாம் யோசித்துவைத்தார். மனிதர் விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்கிறவர், ஒரு மரையாணிகூட மறக்க மாட்டார். பிள்ளைகள் செல்போனைவிட்டுத் தலைநிமிர்ந்து ஒரு தடவையாவது காட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. கூடமாட ஒத்தாசைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். நான் நடத்துகிற அழகு நிலையத்தை நான்கு நாள் மூடிவிட்டுக் கிளம்பினேன்.

சண்டைக்குக் காரணம், தபாலில் வந்த ஒரு கைப்பட்டை. வெள்ளையாக, விரல் அகலத்தில், உள்ளே ஒரு சின்ன விளக்கோடு இருந்தது. கொம்பன் யானை பார்க்க ஆசைப்பட்ட எட்டு வயது கவினுக்காக வரவழைத்தது.

"என்ன மாப்ள இது, ஆஸ்பத்திரியில மாட்டுற மாதிரி?" என்றேன்.

"அக்கா, காட்டுக்குப் போறவங்கெல்லாம் என்ன பண்றாங்க? ரெண்டு நாளு வண்டியோட்டி, நாலு மானப் பாத்துட்டு, ஒரு மயிலு குறுக்கால போனா அதையும் சேத்துச் சொல்லிக்கறாங்க. இவிய அப்படியில்லீங்க. காட்டுமுகம்னு ஒரு கம்பெனி. எந்த விலங்கு வேணுமோ புள்ள கேக்கலாம். அது வரும். உத்தரவாதம்."

"கூப்பிட்ட நேரத்துக்கு வாறதுக்கு அது என்ன, பால்காரரா?"

"அந்த விலங்கு மண்டைக்குள்ள கடுகாட்டச் சின்னதா ஒண்ணு வெச்சிருக்காங்க. பட்டை கட்டுன புள்ள மலையடிவாரத்துக்கு வந்ததும் அதுக்குத் தாகம் எடுக்குமுங்க. தண்ணித் தாகமில்ல, ஆனா அந்த மாதிரியே. பட்டைகிட்டப் போனாத்தான் அடங்கும்."

"பாவமே!"

"அட, கேளுங்கக்கா. புள்ளையோட நெஞ்சுத்துடிப்ப இந்தப் பட்டை பாத்துட்டே இருக்கும். சந்தோஷம் வந்தாப் படபடன்னு அடிக்குமில்ல? அப்ப தாகம் எச்சா ஆகும், இன்னுங் கிட்ட வரும். புள்ளைக்குச் சலிச்சுப்போனா துடிப்பு எறங்கிரும், தாகமும் நின்னுரும், அதுபாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிரும். ஒருத்தருக்கும் தொந்தரவில்ல."

அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. வெள்ளை என்றால் அமைதி. ஆரஞ்சு என்றால் ஆர்வம். சிவப்பு என்றால் குதூகலம்.

ஆறு வயதுக்குக் கீழே அனுமதியில்லை என்றும் போட்டிருந்தது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கவினின் மணிக்கட்டுக்கு மஞ்சரி மஞ்சள்தூள் வைத்துக் கட்டினாள். முகி முதுகில் இரண்டு சாத்து சாத்தினாள். பிறகு உட்கார்ந்து, முகிக்கும் ஒரு பட்டை கேட்டு எழுதினாள். வயது என்ற இடத்தில் எட்டு என்று போட்டாள்.

"ரெண்டு பேருக்கும் எட்டா?" என்றார் மாப்பிள்ளை.

"ரெட்டைன்னு நெனச்சுக்கட்டும். கவினுக்கு அஞ்சு வயசுல மூணுன்னு சொல்லி மடியில வெச்சுட்டு பஸ்ல வரல? அதே பொய்தான், மேல்முகமாச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஒரு வயது வீட்டில் இருக்கும், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று பேருந்தில். யார் இதையெல்லாம் பெரிதாக நினைத்தார்கள்?

மலையடிவாரத்து விடுதிக்குச் சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டோம். கூத்தன்மலை என்று பேர். பட்டையைக் காலையில் காட்டு வாசலில் வைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் கேட்டால்தானே! மாட்டியதும் கிளிக்கென்று பூட்டிக்கொண்டது. திரும்பி இறங்கும்போது கம்பெனி ஆள் சாவி போட்டுத்தான் கழற்ற முடியும். பிள்ளைகள் தொலைத்துவிடும், ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். கவின் பட்டை வெள்ளையாக எரிந்தது. முகியினுடையது மாட்டியதுமே சிவந்துவிட்டது. அவள் தூங்கிய பிறகு போர்வையை இழுத்துவிடப் போனேன். அப்போதும் ஆரஞ்சு. கனவில்கூட யானை பார்க்கிறாள் போல என்று நினைத்து, கன்னத்தைத் தடவிவிட்டு வந்தேன்.

ராத்திரி கேட்ட சத்தத்தை இடி, மழை என்று நினைத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டோம். விடிந்து வெளியே வந்தால் விடுதியின் மாட்டுக்கொட்டகை இல்லை. தகரம் காகிதம் மாதிரி கசங்கிக் கிடந்தது. மூன்று பசுக்கள் செத்துக் கிடந்தன. ஒன்றுக்கு வயிறு கிழிந்து, அதன் மேல் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் படுத்திருந்த அறைக்குப் பின்சுவரில் என் உயரத்துக்கு விரிசல். அதில் ரத்தம் அப்பியிருந்தது. கூடவே கறுப்பாக, நீளமாக இரண்டு மயிர்.

"கொம்பன் எறங்கிருக்குதுங்," என்றான் எங்களை ஏற்றிப்போக வந்த கம்பெனிப் பையன். ஸ்டீபன் என்று பெயர். சேலத்துக்காரன், பச்சைச் சட்டை, எந்நேரமும் சிரித்த முகம். "இவ்வளவு தூரம் கீழ வராது. உங்க புள்ளைங்க ராசி அப்படி! இன்னைக்கு அருமையாப் பாக்கலாம்."

"இதப் பாத்த பொறகுமா?" என்றாள் மஞ்சரி.

"வண்டிக்குள்ள இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க மேடம். மூணு வருசமா ஓட்டறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல."

மாப்பிள்ளை பிள்ளைகள் கண்ணைப் பொத்தி வண்டிக்குக் கூட்டிப்போனார். ஒரு நிமிடம் நின்று யோசித்தார், அது எனக்குத் தெரியும். பின்னால் முகி, "கொம்பன், கொம்பன்" என்று குதித்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் போட்ட திட்டம். ஏறிவிட்டார்.

எங்கள் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு கம்பெனி வேனில் போனோம். முன்னால் ஸ்டீபனும் மாப்பிள்ளையும், நடுவில் மஞ்சரியும் கவினும், பின்னால் நானும் என் மடியில் முகியும். மூன்றாவது வளைவில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே அது நின்றுகொண்டிருந்தது.

நான் யானையைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். பாகனுக்குப் பக்கத்தில் நின்று தலையில் தும்பிக்கையை வைக்கும். இது வேறு. நெற்றித் தோல் உரிந்து, உள்ளே சிவப்புச் சதை தெரிந்தது. ராத்திரி முழுக்க மரத்திலும் பாறையிலும் சுவரிலும் மண்டையை மோதியிருக்கிறது. உள்ளே இருக்கிற கடுகை வெளியே எடுத்துவிடலாம் என்று நினைத்ததோ என்னவோ. ஒரு கொம்பு நுனியில் உடைந்திருந்தது. வாயோரம் நுரை.

"பாருங்க, பாருங்க! கைதட்டுங்க!" என்றான் ஸ்டீபன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

முகி கைதட்டினாள். வீல் என்று சந்தோஷத்தில் கத்தினாள். அவள் கையில் பட்டை ரத்தச் சிவப்பாக எரிந்தது. யானை தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தது.

ஸ்டீபன் பின்பக்கமாக எடுக்கப் பார்த்தான். நேரமில்லை. முதல் இடியிலேயே வேன் பக்கவாட்டில் நகர்ந்து பாறையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கக் கதவுகள் திறக்க முடியாதபடி நசுங்கின. இரண்டாவது இடியில் முன்கண்ணாடி மொத்தமும் உள்ளே கொட்டியது. தும்பிக்கை நுழைந்து, ஸ்டீபனைத் தாண்டி, மாப்பிள்ளையைத் தாண்டிப் பின்பக்கம் தடவியது. அது தேடியது முகியை. நடுவில் இருக்கிறவர்கள் எல்லாம் அதற்கு இலை, தழை மாதிரி.

இலை தழையை விலக்குகிற மாதிரித்தான் ஸ்டீபனை எடுத்தது. கழுத்தோடு சுற்றி, கண்ணாடிச் சில்லுகள் மேலே இழுத்து, ரோட்டில் ஒரு அடி அடித்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். சிரித்த முகம் அப்போதும் சிரித்தபடிதான் இருந்தது. பிறகு அது காலைத் தூக்கி அவன் நெஞ்சில் வைத்தது. காய்ந்த சுரைக்காயை மிதித்தால் வருகிற சத்தம்.

மஞ்சரி அலறினாள். முகி அலறினாள். இப்போது அது சந்தோஷ அலறல் இல்லை. பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? சிவப்பு இன்னும் சிவந்து, துடிதுடித்தது.

முன்னால் இருந்த ரேடியோவில் ஒரு பெண்குரல் வந்தது. கீழே கம்பெனி அலுவலகத்திலிருந்து. "வணக்கம், மூணாம் நம்பர் வண்டி! புள்ளைங்க செம குஷியா இருக்காங்க போல? எங்களுக்குத் திரையில தெரியுது!"

மாப்பிள்ளை அதைப் பிடுங்கி வாயில் வைத்துக் கத்தினார். "ஆளக் கொன்னுபோட்டுதுங்க! நிறுத்துங்க! அந்த எழவ நிறுத்துங்க!"

"சார்... ஸ்டீபன் இல்லீங்களா?"

"செத்துட்டான்! நிறுத்தித் தொலைங்க!"

"சார், குழந்தைங்க சந்தோஷமா இருக்கையில இங்கிருந்து நிறுத்த முடியாதுங்க. ரெண்டு பேருக்கும் எட்டு வயசு, துடிப்பு எல்லாம் சரியாத்தான்..."

மஞ்சரி முன்னால் எட்டி விழுந்து கத்தினாள். "எட்டு இல்லீங்க! என்ர சின்னவளுக்கு நாலு! நாலு வயசுங்க! பொய் சொல்லிப்போட்டேன்!"

ரேடியோவில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "ஐயோ மேடம். நாலு வயசுக் குழந்தைக்குச் சும்மா இருந்தாலே வேகமா அடிக்கும். எட்டுன்னு போட்டா அத குதூகலம்னுதான் எடுத்துக்கும். எப்ப மாட்டுனீங்க?"

"நேத்துச் சாயங்காலம்."

"ராத்திரி முழுக்கவா? ராத்திரி முழுக்க அதுக்கு..." அவள் முடிக்கவில்லை. "பதிவ மாத்தணும்னா மேல கேக்கணும் மேடம். கேக்கறேன். அதுக்குள்ள ஸ்டீபன் இடுப்புல சாவி இருக்கும். பட்டையக் கழட்டி தூரமா வீசுங்க. இல்லாட்டி குழந்தையோட துடிப்ப எறக்குங்க. எப்படியாச்சும்..."

மூன்றாவது இடியில் ரேடியோ அறுந்தது.

சாவி ரோட்டில் கிடந்தது, ஸ்டீபனின் இடுப்போடு. யானை வேனின் பின்பக்கத்துக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தது, முகி இருக்கிற இடம் தெரிந்து. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, புள்ளையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."

"மாப்ள, வேண்டாஞ் சாமி!"

"இப்பத்தான் அது பொறத்தால இருக்குது. இப்ப உட்டா முடியாது."

உடைந்த முன்கண்ணாடி வழியாகத் தவழ்ந்து இறங்கினார். சில்லுகள் வயிற்றைக் கிழித்தது தெரிந்தது. ஓடிப்போய் ஸ்டீபன் பக்கத்தில் மண்டியிட்டு இடுப்புவாரை இழுத்தார். கையில் சாவி வந்துவிட்டது. எங்களைப் பார்த்து அதைத் தூக்கிக் காட்டினார். எதையும் மறக்காத மனிதர். சாவியை நாங்கள் பார்த்தோமா என்று உறுதி செய்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து முகி, "அப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அப்பா என்று குழந்தை கத்துவதில் என்ன தப்பு? ஆனால் அந்தத் துடிப்பு யானையின் மண்டையில் என்ன செய்ததோ, பிளிறிக்கொண்டு திரும்பியது. வேனை நோக்கி வர அதற்கு அவர்தான் வழியில் இருந்தார்.

ஒரே குத்து. உடையாத கொம்பு. விலாவில் நுழைந்து, அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வேனின் பக்கத்தில் சேர்த்து அழுத்தியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். உடைந்த ஜன்னல் வழியாக அவர் முகம் கவினின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரத்தம்தான் வந்தது. பிறகு யானை தலையை உதறியது, அவர் பள்ளத்தில் போய் விழுந்தார். சாவியும் அவரோடு போயிற்று.

மஞ்சரி வாயைத் திறந்தாள். அந்த அலறல் வெளியே வந்தால் முகியின் நெஞ்சு வெடித்துவிடும், அது எனக்குத் தெரிந்தது. நான் என் தங்கையை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். அவள் முந்தானையைச் சுருட்டி அவள் வாய்க்குள் திணித்தேன். ஆமாம், புருஷன் செத்த அடுத்த நொடி. அவள் கண் பிதுங்கி என்னைப் பார்த்தது. "கடி," என்றேன். "கடிச்சுக்கிட்டுக் கெட. உம் புள்ள பொழைக்கோணும்."

அவள் கடித்துக்கொண்டாள்.

முகி என் மடியில் வெட்டிய கோழியாகத் துடித்தாள். யானை வேனை உலுக்கிக்கொண்டிருந்தது. மேல்தகரம் அப்பளம் மாதிரி மடங்கி என் தலையில் இடித்தது. எனக்கு என்ன தெரியும்? மருந்தா, மந்திரமா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புருவத்துக்கு நூல் போடும்போது சுண்டி இழுக்கும் வலி தெரியாமல் இருக்க, வந்தவளிடம் எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். நாற்காலியில் உட்காரும்போது பல்லைக் கடிக்கிறவள்கூட முடிவில் மாமியார் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். முகி என் கடைக்கு வந்தால் அந்த நாற்காலியில் ஏறிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு விளையாடுவாள்.

முகியை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். குரலைக் கடைக்குரலாக்கினேன்.

"வாங்க மேடம், வாங்க. எங்க ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

முகி விக்கினாள்.

"உக்காருங்க. சாஞ்சுக்கங்க. இன்னைக்குப் புருவம் மட்டுமா, முகமும் பண்ணிரலாமா?"

"பெரிம்மா, யானை..."

"அது பக்கத்து வூட்டுல செவுரு இடிக்கறாங்க மேடம். ஒரே சத்தம், நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க. கண்ண மூடுங்க பாக்கலாம். புருவத்த இழுத்துப் புடிச்சுக்கங்க. ஆங், அப்படித்தான்."

ஆட்காட்டி விரலால் அவள் புருவத்தை வருடினேன். என் விரலில் யாருடைய ரத்தமோ இருந்தது. அது அவள் நெற்றியில் கோடு போட்டது.

"மெல்லிசா வேணுமா, பட்டையா வேணுமா மேடம்?"

"...மெல்லிசா."

"கல்யாணமா, விசேஷமா?"

"கல்யாணம்." விக்கல். "எங்கூட்டு நாய்க்குட்டிக்குக் கல்யாணம்."

"அட! மாப்ள எந்த ஊரு?"

"பவானி."

பின்கண்ணாடி நொறுங்கியது. தும்பிக்கை உள்ளே வந்தது. ஈரமாக, சூடாக, புளித்த வாசனையோடு என் தலைமுடியில் தடவி, கழுத்தில் இறங்கி, முகியின் தோளுக்கு வந்தது. மஞ்சரியின் உடம்பு வில்லாக வளைந்தது. முந்தானையைக் கடித்தபடி தன் தொடையைத் தானே நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை.

"இப்ப ஒருத்தி தலைக்கு ஆவி புடிக்க வருவா மேடம். சூடா இருக்கும், பயப்படாதீங்க. பொண்ணு வூட்ல என்ன சாப்பாடு?"

"பிஸ்கட்டு. எலும்பு. கேசரி."

"கேசரியா! முந்திரி போட்டா?"

"ம்."

"மூச்ச மெதுவா இழுங்க மேடம், அப்பத்தான் புருவம் நேரா வரும். மெதுவா. வலிக்குதா?"

"கொஞ்சம்."

தும்பிக்கை நுனி அவள் மணிக்கட்டில் நின்றது. அந்தச் சின்ன விரல் போன்ற நுனி பட்டையை முகர்ந்தது. இழுத்தால் கை தோளோடு வந்துவிடும். நான் பேசினேன். நாய்க்குட்டியின் நாத்தனாரைப் பற்றிப் பேசினேன். பட்டுப்புடவை விலை பேசினேன். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் சண்டை போட்டதைப் பேசினேன். சிவப்பு மங்கி ஆரஞ்சானது.

வேன் ஆடுவது நின்றது.

அப்போதுதான் கவின் ஞாபகம் வந்தது. அவன் பட்டை என்னவாகியிருக்குமோ என்று பதறித் திரும்பினேன். அவன் ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்பாவின் ரத்தம் தெறித்திருந்தது, துடைக்கவில்லை. கையைத் தூக்கி என்னிடம் காட்டினான். வெள்ளை. சுத்த வெள்ளை.

"நான் ஒண்ணும் நெனைக்கல பெரிம்மா," என்றான் கிசுகிசுப்பாக. "நெனைக்காம இருந்தா எறங்குது." பிறகு தங்கையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, அவள் காதில், "முகி, நீயும் நெனைக்காத. ஒண்ணுமே நெனைக்காத. இப்படி," என்றான்.

முகி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆரஞ்சு வெளுத்து, வெளுத்து, வெள்ளையாயிற்று.

தும்பிக்கை மெதுவாக வெளியே போனது. யானை ஒரு பெருமூச்சு விட்டது, மனிதர் விடுகிற மாதிரியே. காது தளர்ந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. பிறகு ஸ்டீபனை மிதிக்காமல் சுற்றி நடந்து, மரங்களுக்குள் போய்விட்டது.

கம்பெனி ஆட்கள் துப்பாக்கியோடு வந்தபோது அது ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததாம். சுட வந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். குடித்துக்கொண்டே இருந்ததாம்.

பட்டைகளை வேறு சாவி போட்டுக் கழற்றினார்கள். வயது தவறாகக் கொடுத்ததால் தங்கள்மேல் பொறுப்பில்லை என்று பெரிய அதிகாரி ஒருவர் மரியாதையாகவே சொன்னார். என் கைப்பையில் இருந்த மாப்பிள்ளையின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் குழந்தைகள் இன்று மிகுந்த குதூகலமாக இருந்தார்கள், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். செல்போனை ரோட்டில் வைத்து, கல்லெடுத்து, அது தூளாகும்வரை அடித்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையை வீட்டில் கிடத்தியிருந்தோம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து நிறைந்துவிட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, மாரில் அடித்து அழுதார்கள். மஞ்சரி அவர் காலடியில் புரண்டாள். வாய்க்குள் அடைத்துவைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

பிள்ளைகள் இரண்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தன. கவின் எழுந்துபோய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினான். பிறகு அழுகிறவர்களிடம் வந்து நின்று, "சத்தம் போடாதீங்க. மெதுவா," என்று கேட்டுக்கொண்டான், பெரியவர்கள் சொல்கிற மாதிரி.

"புள்ளைங்க அதிர்ச்சியில இருக்குது சுகந்தி," என்று என்னிடம் சொன்னாள் பெரியநாயகி அத்தை. மாப்பிள்ளையின் அத்தை. "ரெண்டும் சொட்டுத் தண்ணி விடல. நெஞ்சுல கட்டிக்கும். அழ வையி."

முகியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். மடியில் போட்டு அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். தூக்கத்தில்கூடப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு. ஆரஞ்சுக்குக் கீழே இறங்கவே இறங்காத நெஞ்சு. இப்போது என் கைக்கடியில் ஒரு துடிப்பு. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பிறகு ஒரு துடிப்பு. எழுபது வயதுக் கிழவிக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. கண் விழித்துத்தான் இருந்தாள்.

"அழு கண்ணு," என்றேன். "அப்பா செத்துட்டாரு சாமி. இனி யானை வராது. அழுதாத் தப்பில்ல. அழுடா தங்கம்."

பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலுக்கினேன். கன்னத்தில் தட்டினேன். எனக்குப் பயம் தலைக்கேறிவிட்டது. அவள் தொடையில் கிள்ளினேன். கிள்ளி, நகம் பதிய, அப்படியே திருகினேன். தோல் கன்றிச் சிவந்து ரத்தம் கட்டியது. வேகமாக அடி, வேகமாக அடி என்று அந்தக் குட்டி நெஞ்சைக் கெஞ்சினேன்.

முகி புருவத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலிக்கலைங்க," என்றாள்.